ஆலப்புழைக் காயலிலிருந்து தூத்துக்குடிக் கடலுக்கு: மோட்டார் படகைக் கொண்டுவரத் திட்டமிடுவது எப்படி?

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆலப்புழையில் 10 மீட்டர் நீளமுள்ள, உள்ளே அறை வைத்த டீசல் மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். இதுவரை காயலில் மட்டுமே ஓடிய படகு. தண்ணீர் வழியாகவே தூத்துக்குடிக்குக் கொண்டுவர ஆசை. எந்த மாதம், எந்த வழி, எத்தனை நாள்? முடிந்தால் தாமிரபரணியில் ஏற்றி ஊருக்குப் பக்கத்திலேயே கட்டிவைக்க முடியுமா?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது, அண்ணாச்சி. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மணல் மேடு ஏறிக்கிடக்கிறது. அதைத் தாண்டி உள்ளே வந்தாலும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு குறுக்கே நிற்கும். ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடலுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். அதற்கு மேலே மருதூர், சுத்தமல்லி என்று வரிசையாக இருக்கின்றன. படகை ஏற்றி இறக்கும் வசதி எதிலும் இல்லை. கப்பல் வந்து நின்ற கொற்கையே இன்று கடலை விட்டு விலகி வயலுக்கு நடுவே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் அப்படி. ஆகவே படகின் வீடு தூத்துக்குடிதான்.

மற்ற கேள்விகளுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், பெரும்பாலானவர்கள் இந்தப் பயணத்தை ஆலப்புழையிலிருந்து தொடங்கி முன்னோக்கித் திட்டமிடுகிறார்கள். முதல் நாள் இங்கே, இரண்டாம் நாள் அங்கே என்று எழுதிக்கொண்டு வந்தால், கன்னியாகுமரியைச் சுற்ற வேண்டிய நேரம் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து விழும். இதைப் பின்னோக்கித்தான் போட வேண்டும். குமரி முனையைச் சுற்றுவது, காயலை விட்டுக் கடலுக்குள் நுழைவது ஆகிய இரண்டுக்கும் உரிய மாதத்தையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை அவற்றுக்கேற்ப அமையும்.

குமரி முனை ஏன் கடினமானது என்பது திருநெல்வேலிச் சீமைக்காரருக்குப் புரியாமல் போகாது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரல்வாய்மொழியில் இடைவெளி விடுகிறது. ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அந்த வாசல் வழியாகப் பாய்ந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, காவல்கிணறு, ராதாபுரம் வழியாகக் கூடங்குளம், உவரிப் பக்கம் கடலில் இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் காவல்கிணற்றில் கண்ணைத் திறக்க முடியாமல் புழுதி பறக்கிறது என்றால், கரைக்கு அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மேற்குக் கரையிலோ அதே மாதங்களில் தென்மேற்குப் பேரலை. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரிக்கடலில் உருவான வேகத்தை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குத் திரும்ப அவகாசமே கிடைக்கவில்லை.

தை மாதத்தில் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். ஆனால் மன்னார் வளைகுடாவில் வடகிழக்குக் காற்று இன்னும் ஓயாது. குமரியிலிருந்து தூத்துக்குடிக்கு நீங்கள் வடகிழக்காகத்தான் ஓட வேண்டும், அதாவது நேர் எதிர்க்காற்றில். குட்டையான, செங்குத்தான அலை மூக்கில் அறையும். 60 கடல் மைல் அப்படி வந்தால் படகு தாங்கினாலும் உள்ளே இருப்பவர்கள் தாங்க மாட்டார்கள். மாசி நடுவிலிருந்து பங்குனி நடு வரை, அதாவது பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் இரண்டு கரையும் ஒன்றாக அடங்கியிருக்கும் காலம். ஏப்ரலிலும் காற்று குறைவுதான். ஆனால் ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை தொடங்குவதால் கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகம் கட்டிப்போட்ட விசைப்படகுகளால் நிறைந்துவிடும். உங்கள் படகுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். கள்ளக்கடல் தொல்லை அதிகம் வருவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான்.

கள்ளக்கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் வீசிய புயற்காற்று எழுப்பிய நீண்ட அலை, சில நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுகிறது. ஆழமான நீரில் படகு மெல்ல ஏறி இறங்கும். உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆழம் குறையும் இடத்தில்தான் அது எழுந்து நின்று உடையும். அப்படி ஆழம் குறையும் இடம் நீங்கள் கடக்க வேண்டிய முகத்துவாரம். வானம் தெளிவாக இருக்கிறது, இலை அசையவில்லை என்பதை வைத்துப் புறப்படாதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பில் அலையின் உயரத்தோடு ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை நொடி என்பதும் இருக்கும். உயரம் ஒரு மீட்டர்தான் என்றாலும், அந்த இடைவெளி பதினைந்து நொடிக்கு மேல் போனால் முகத்துவாரத்தைக் கடப்பதை ஒத்திப்போடுங்கள்.

எந்த வாசல் வழியாகக் கடலுக்கு வருவது? ஆலப்புழையிலிருந்து இரண்டு வழி இருக்கிறது. வடக்கே வேம்பநாட்டுக் காயலில் தண்ணீர்முக்கம் தடுப்பைக் கடந்து கொச்சி போனால், கப்பல்களுக்காகத் தோண்டிய ஆழமான வாய்க்கால் வழியாக நிம்மதியாக வெளியேறலாம். ஆனால் தெற்கே போக வேண்டிய நீங்கள் வடக்கே போய்த் திரும்பி, நீண்டகரை வரை மட்டும் ஏறத்தாழ 65 கடல் மைல் திறந்த கடலில் கூடுதலாக ஓட வேண்டும். தெற்கே காயங்குளம் காயல் வழியாகக் கொல்லம் போய், அஷ்டமுடிக் காயலின் வாயான நீண்டகரையில் வெளியேறுவது இன்னொரு வழி. உங்கள் படகுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நீண்டகரை முகத்துவாரத்தில் இரு பக்கமும் அலைத்தடுப்புச் சுவர் உண்டு. விசைப்படகுகள் நாள்தோறும் போய் வருவதால் எந்த நேரம் நல்லது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைக்கும்.

ஆலப்புழை முதல் கொல்லம் வரையிலான காயல் பாதை 1993இல் அறிவிக்கப்பட்ட தேசிய நீர்வழி 3இன் தென்பகுதி. கொல்லம் முதல் கோட்டப்புரம் வரையிலான அதன் முதன்மைக் கால்வாய் 168 கிலோமீட்டர். 2 மீட்டர் ஆழத்துக்குத் திட்டமிட்ட பாதை என்றாலும், மிதவைகள் காட்டும் வழியை விட்டு விலகினால் அடித்தட்டு சேற்றில் அமரும். திருக்குன்னப்புழையில் இரட்டைக் கதவு வைத்து நீர்மட்டத்தைச் சமப்படுத்தி விடும் லாக் ஒன்று இருக்கிறது. அது இயங்குகிறதா, பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறதா என்று புறப்படுமுன் கேளுங்கள். பாலங்களுக்கும் குறுக்கே போகும் மின்கம்பிகளுக்கும் படகின் உச்சியைத் தண்ணீர்மட்டத்திலிருந்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனாவை மடக்கிவிடுங்கள். அஷ்டமுடியில் சீனவலைகளும் கழி ஊன்றிக் கட்டிய வலைகளும் நிறைய உண்டு. இருட்டில் அங்கே ஓட்டவே கூடாது. ஆலப்புழையில் காலையில் கிளம்பும் சுற்றுலாப் படகே மாலையில்தான் கொல்லம் சேர்கிறது. உங்களுக்கும் ஒரு முழுப் பகல் வேண்டும்.

கொல்லத்தில் இரண்டு நாள் தங்குங்கள் என்பது என் அழுத்தமான யோசனை. ஊர் சுற்ற அல்ல, படகின் வயிற்றைச் சுத்தம் செய்ய. காயலிலேயே ஓடிய படகுகள் கடலில் முதல் மணி நேரத்தில் நின்றுபோவதற்கு மிகப் பெரிய காரணம் இன்ஜின் கோளாறு அல்ல, டீசல் டேங்கின் அடியில் கிடக்கும் கசடு. அசையாத தண்ணீரில் வருடக்கணக்காக ஓடும்போது டேங்கில் வியர்த்த தண்ணீரும், அந்தத் தண்ணீரில் வளரும் கறுப்புப் பூஞ்சையும் அடியிலேயே படிந்திருக்கும். ஒரு தொல்லையும் தராது. கடல் அலையில் படகு தூக்கிப் போட்டதும் அத்தனையும் கலங்கி எழுந்து ஃபில்டரை அடைக்கும். அது நடப்பது எங்கே தெரியுமா? நீண்டகரை வாயில், முன்னால் அலை, இரண்டு பக்கமும் கல் இருக்கும் இடத்தில். ஆகவே டேங்கைத் திறந்து, அடியில் உள்ளதை இறைத்து வெளியே எடுங்கள். எடுத்ததைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் கீழே தண்ணீர் தனியாக, அதற்கு மேலே சளிபோலக் கறுப்பாக ஒரு படலம், அதற்கு மேலே டீசல் என்று பிரிந்து நின்றால், மீண்டும் இறைக்க வேண்டும். டீசல் மட்டுமே தெளிவாக நிற்கும்வரை விடாதீர்கள். கண்ணாடிக் கிண்ணம் வைத்த ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் பொருத்துங்கள். குறைந்தது ஆறு மாற்று ஃபில்டர்கள் கையில் இருக்கட்டும். படகு ஆடும்போது ஃபில்டரை மாற்றி, காற்றை வெளியேற்றி, இன்ஜினை மறுபடி எடுக்க உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கொல்லத்தில் கட்டிய நிலையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்து பழகுங்கள்.

அடுத்தது குளிர்நீர் உறிஞ்சும் குழாய். காயலில் ஆகாயத்தாமரை வேர் அதில் சுற்றிக்கிடக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, பம்பின் ரப்பர் இம்பெல்லரைப் புதிதாக மாற்றுங்கள். படகின் உலோகம் அரிக்காமலிருக்க, நன்னீருக்கென்று அடியில் மெக்னீசியம் கட்டி வைத்திருந்தால் உப்புநீரில் அது சோப்புபோலக் கரையும். துத்தநாகமோ அலுமினியமோ மாற்ற வேண்டும். ஜன்னல், மூடி எல்லாவற்றிலும் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிப் பாருங்கள். காயல் படகுகளின் ஜன்னல் மழைக்குத்தான் தாங்கும். நங்கூரமும் அப்படியே. காயல் சேற்றில் போட்ட சிறு நங்கூரம் கடலில் உதவாது. ஒரு அளவு பெரிதாக வாங்கி, சில மீட்டர் சங்கிலியோடு நூறு மீட்டர் கயிறு கட்டுங்கள்.

ஆவணம். படகு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவு உள்நாட்டு நீரில் ஓட மட்டுமே செல்லும். காப்பீடும் பெரும்பாலும் அந்த எல்லையோடு நின்றுவிடும். கடலில் இறக்க என்ன சான்று, என்ன ஆய்வு தேவை என்று வணிகக் கப்பல் துறையின் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். கொச்சியிலும் தூத்துக்குடியிலும் அலுவலகம் உண்டு. இதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே மார்ச் பயணத்துக்கு முந்தைய செப்டம்பரிலேயே மனு போட்டுவிட வேண்டும். வழியில் தங்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும், கேரள, தமிழகக் கடலோரக் காவல் குழுமங்களுக்கும், கடலோரக் காவல்படைக்கும் படகின் படம், ஆட்களின் அடையாள அட்டை, நாள்வாரித் திட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுங்கள். முன்பின் தெரியாத ஒரு வெள்ளைப் படகு கரையோரம் போனால் மீனவர்கள்தான் முதலில் 1093க்குத் தகவல் சொல்வார்கள். அது அவர்கள் கடமை. கடலில் ஆபத்து என்றால் 1554, வயர்லெஸ்ஸில் 16ஆம் சேனல்.

இனிக் கடல் வழி. நீண்டகரையிலிருந்து விழிஞ்ஞம் ஏறத்தாழ 43 கடல் மைல், அங்கிருந்து குமரி முனையைச் சுற்றிச் சின்னமுட்டம் 40, சின்னமுட்டத்திலிருந்து மணப்பாடு வழியாகத் தூத்துக்குடி 60. மணிக்கு 8 கடல் மைல் வேகம் என்று வைத்தால், மூன்று பகல்களில் முறையே ஐந்தரை, ஐந்து, ஏழரை மணி நேரம். எரிபொருளுக்கு இன்ஜின் கம்பெனி சொல்லும் கணக்கை நம்பாமல், காயலில் ஒரு மணி நேரம் அதே வேகத்தில் ஓட்டி அளந்து பாருங்கள். மணிக்கு 12 லிட்டர் குடித்தால் ஒரு கடல் மைலுக்கு ஒன்றரை லிட்டர், 143 மைலுக்கு ஏறத்தாழ 215 லிட்டர். அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்து 320 லிட்டராவது கணக்கில் வேண்டும். எதிர்க்காற்றில் ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்தக் கூடுதல் அளவின் அருமை தெரியும்.

நீண்டகரையில் புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, அலைத்தடுப்புச் சுவரின் முனைக்கு நடந்து போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும். சில பெரியவை, பிறகு சற்று அடக்கம். அடக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அலை வாய்க்காலுக்கு நடுவில் உடைகிறதா, சுவரோரம் மட்டும் உடைகிறதா என்று கவனியுங்கள். காயல் தண்ணீர் வெளியே இழுக்கும் வற்றத்தில், எதிரே வரும் அலை குறுகிச் செங்குத்தாகும். ஏற்றம் முடிந்து தண்ணீர் நிற்கும் நேரமே வெளியேற ஏற்றது. விடியற்காலை இருட்டில் விசைப்படகுகளோடு முண்டியடிக்க வேண்டாம். வெளிச்சம் வந்து, அவை போனபின் கிளம்புங்கள். வாயில் நுழைந்துவிட்டால் மூக்கை அலைக்கு நேராகப் பிடித்து, ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் பயந்து திருப்பினால் அலைக்கு விலாவைக் காட்டியதாகும்.

விழிஞ்ஞம் போகும் வழியில் முதலப்பொழி என்று ஒரு துறைமுக வாய் கண்ணில் படும். என்ன அவசரம் என்றாலும் அதற்குள் நுழையாதீர்கள். அந்த ஊர் மீனவர்களே படகு கவிழ்ந்து எத்தனையோ பேரை இழந்த இடம் அது. இன்னும் தெற்கே தேங்காய்ப்பட்டணம் வாயும் அப்படித்தான். இரண்டு, மூன்று கடல் மைல் விலகி, ஆழத்தில் நின்றே போங்கள். விழிஞ்ஞத்தில் பெரிய கப்பல்கள் வரும் புதிய துறைமுகம் 2025இல் திறக்கப்பட்டது. மீன்பிடித் துறைமுகம் அதன் பக்கத்தில் இருக்கிறது. கப்பல் நடமாட்டத்தை வயர்லெஸ்ஸில் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

காலையில் தென்கிழக்காக ஓடும்போது வெயில் நேர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் தகடுபோல மின்னும். அந்த மினுக்கத்துக்குள் தான் வலை மிதவைகள் ஒளிந்திருக்கும்: ஒரு தெர்மோகோல் துண்டு, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன், ஒரு கம்பில் கட்டிய கறுப்புத் துணி. ப்ரொப்பெல்லரில் வலை சுற்றினால் பயணம் அங்கேயே நின்றுவிடும். அதைவிட முக்கியம், அந்த வலை ஒரு குடும்பத்தின் முதல். இதற்காகவே ஓட்டுபவர் தவிர முன்னால் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மொத்தம் மூன்று பேராவது தேவை. அதில் ஒருவர் தூத்துக்குடித் தோணியை ஓட்டும் தண்டலோ, சின்னமுட்டம் விசைப்படகு ஓட்டுநரோ ஆக இருந்தால், நீங்கள் ஜிபிஎஸ் திரையில் பார்ப்பதை அவர் தண்ணீரின் நிறத்தில் பார்ப்பார். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். நல்ல கூலி கொடுத்து அழைத்து வாருங்கள்.

முட்டத்துக்கும் கடியப்பட்டணத்துக்கும் வெளியே பாறைகள் உண்டு. விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் அருகில் போய்ப் படமெடுக்கும் ஆசை வரும். சுற்றுலாப் படகில் இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். முனையைச் சுற்றும்போது குறைந்தது மூன்று கடல் மைல் தள்ளி, முற்பகல் பதினொரு மணிக்குள் கடந்து சின்னமுட்டத்தில் கட்டிவிடுங்கள். மதியத்துக்குமேல் கடற்காற்று எழுந்து, நீவாட்டுக்கு எதிராக வீசினால் கால் மணி நேரத்தில் கடல் முகம் மாறும். வழியில் காற்று முன்னதாகவே எழுந்தால் முட்டமோ குளச்சலோ போய் ஒதுங்குங்கள்.

கடைசி நாள்தான் மிக நீளமானது. மூன்றில் ஒதுங்க இடம் குறைவான நாளும் அதுதான். சின்னமுட்டத்தை விட்டால் தூத்துக்குடி வரை முழுமையான துறைமுகம் கிடையாது. இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி எல்லாம் நாட்டுப்படகுகளைக் கரையேற்றும் ஊர்கள். உங்கள் படகு அங்கே பாதுகாப்பாக நிற்காது. காற்று பார்த்து மணப்பாட்டு முனையின் மறைவில் நங்கூரம் போடலாம், அவ்வளவுதான். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். அவற்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், நெருங்காதீர்கள். அது தடைசெய்த பகுதி. கரையோரம் பாறையும் உண்டு. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றி இழுத்து வந்த மிதவைக் கலம், கயிறு அறுந்து அங்கேதான் பாறையில் சிக்கியது. மணப்பாட்டுக்கு வெளியிலும் பார்கள் இருப்பதால் விலகியே வாருங்கள். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் கட்டி வருகிறார்கள். அது இயங்கத் தொடங்கியபின் ஏவும் நாட்களில் அந்தக் கடலில் போக முடியாது.

சின்னமுட்டத்தில் விடியுமுன் எழுந்து பாருங்கள். வடகிழக்கிலிருந்து காற்று முகத்தில் நன்றாகப் படுகிறது என்றால் அன்று புறப்பட வேண்டாம். வெயில் ஏறினால் அது குறையும் என்று எண்ணிக் கிளம்பி, உவரிக்கு எதிரே போய்த் திரும்பவும் முடியாமல் தொடரவும் முடியாமல் நிற்பதைவிட, பகவதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு நாள் ஓய்வெடுப்பது நல்லது. திட்டத்தில் இதற்காகவே மூன்று உபரி நாட்களைச் சேருங்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போயாக வேண்டும் என்று சொல்லும் நண்பரை இந்தப் பயணத்துக்கு அழைக்காதீர்கள்.

தூத்துக்குடிக்கு முன்னால் வ.உ.சி. துறைமுகத்தின் கப்பல் பாதையைக் குறுக்கே கடக்க நேரிட்டால் வயர்லெஸ்ஸில் அனுமதி கேட்டுக் கடக்க வேண்டும். வடக்கே உள்ள தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே நங்கூரம் போட்டால் வனத்துறை வழக்கு வரும், பவளப்பாறையும் உடையும். படகைக் கட்டியதும் இன்ஜினின் குளிர்நீர்ப் பாதையில் நன்னீர் ஓட விடுங்கள். வழியில் தகவல் கொடுத்திருந்த ஒவ்வொருவருக்கும் வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், உங்களைத் தேடி யாரோ கடலில் இறங்குவார்கள்.

மார்ச் கடைசிக்குள் கடல் சான்று கைக்கு வரவில்லை என்றால் அடுத்த மாசி வரை படகை ஆலப்புழையிலேயே வைத்திருங்கள். பொறுக்க முடியாது என்றால் லாரி இருக்கிறது. ஆரியங்காவு, செங்கோட்டை வழி வளைவுகள் பத்து மீட்டர் படகு ஏற்றிய வண்டிக்குச் சிரமம். நாகர்கோவில், ஆரல்வாய்மொழி வழியாக வரச் சொல்லுங்கள். படகின் அகலம் சாலை விதியை மீறும் என்பதால் அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும்.